முருங்கை குட்டி போட்ட ஊர்

வண்டல்குடியில் அஞ்சம்மாள் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை மரம், ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வந்து போன பிறகு குட்டி போட்டது. காய் முற்றி, காய்ந்து, வெடித்து, விதை காற்றில் பறந்து எங்கோ விழுந்து முளைப்பதுதான் முருங்கைக்கு வழக்கம். இந்த முறை காய் மரத்தில் தொங்கும்போதே விதை உள்ளே முளைத்து, காயைப் பிளந்துகொண்டு ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைத் தண்டும் கூரான வேருமாக வளர்ந்து, தாயைப் பிடித்தபடி இரண்டு நாள் காற்றில் ஆடியது. மூன்றாம் நாள் பிடியை விட்டு, நேராகக் கொல்லைச் சேற்றில் குத்தி நின்று, நின்ற இடத்திலேயே இரண்டு இலை விட்டது.

அஞ்சம்மாள் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். ஆடு ஈன்றாலும் அவள் அதைத்தான் செய்வாள். பக்கத்து வீட்டுச் சௌந்தரம் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எத்தனை அஞ்சம்மா?"

"இதுவரைக்கும் ஒம்போது அண்ணி. இன்னும் மேல தொங்குது."

"தாய்க்கு ஒண்ணும் இல்லியே?"

"நல்லாத்தான் நிக்குது."

அவ்வளவுதான் பேச்சு. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. திகைத்து நின்றவர் ஒருவர்தான், சௌந்தரத்தின் கணவர் மாசிலாமணி. வாயில் வேப்பங்குச்சியோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அவர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். அது அதிசயத்தைக் கண்ட திகைப்பு இல்லை. அந்த மரம் எதனால் அப்படி ஆனது என்பது அவருக்குத் தெரியும்.

ஊருக்குக் கிழக்கே, ஆறு கடலோடு சேர்கிற கழிமுகத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கே மரங்கள் அப்படித்தான் செய்யும். உப்புச் சேற்றில் விதை தனியாக விழுந்தால் பிழைக்காது என்று, பிள்ளையை மடியிலேயே வைத்திருந்து, கால் ஊன்றும் பருவம் வந்த பிறகே இறக்கிவிடும். உள்ளே புகுந்த உப்பை இலை வழியாக வியர்த்துத் தள்ளும். சேற்றுக்குள் மூச்சு முட்டுவதால் வேர்களை விரல் விரலாக மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கும். கணக்கில்லாத தலைமுறையாக உப்போடு மல்லுக்கட்டி அந்த மரங்கள் பெற்ற குணம் அது. வண்டல்குடி முருங்கைக்கு அது எட்டு வருஷத்தில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. முருங்கைக்கு வந்தால் வேம்புக்கும் வருமா, வேம்பு வாசல் முழுக்க வேரை நீட்டினால் கல்யாணப் பந்தலை எங்கே போடுவது என்றுதான் கேட்டார்கள்.

மாசிலாமணி அந்த ஊர் மதகில் லஸ்கராக, அதாவது மதகு காப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய தண்ணீர் கடலுக்குப் போகிற இடத்தில் அந்த மதகு. கடல் ஏறும்போது, அதை ஓதம் என்பார்கள், ஷட்டரை இறக்கி உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டும். கடல் வற்றும்போது ஏற்றி ஊர்த் தண்ணீரை வடிய விட வேண்டும். சக்கரம் சுற்றத் தெரிந்தால் போதும். ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு வழக்கம் அந்த மதகுக்கு இருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரிய ஓதம் வரும்போது லஸ்கர் ஷட்டரை ஒரு சாண் தூக்கி வைப்பார். மடவையும் கொடுவாயும் இறாலும் அந்த இடுக்கு வழியே வாய்க்காலுக்குள் ஓடிவரும். முதல் கூடை லஸ்கருக்கு, மிச்சம் ஊருக்கு. கூடவே வந்த உப்பை ஆற்றுத் தண்ணீர் மறுநாளே கழுவிக்கொண்டு போய்விடும். மாசிலாமணிக்கு முன்னால் இருந்த லஸ்கரும் தூக்கினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் தூக்கினார்.

முருங்கை ஈன்றதற்கு எட்டு வருஷம் முன்னால் அணை திறக்கவில்லை. ஐப்பசி மழையும் வரவில்லை, கார்த்திகை மழையும் வரவில்லை; கடல் மட்டும் தவறாமல், முந்தின வருஷத்தைவிட நாலு விரற்கடை உயரமாக வந்தது. வயலில் வேலை இல்லாமல், அடுப்பில் போட ஒன்றும் இல்லாமல் ஊர் கிடந்த அந்த நாளில், வாய்க்கால் கரையில் காலிக் கூடைகளோடு பெண்கள் வந்து நின்றபோது, மாசிலாமணி ஷட்டரை ஒரு சாணுக்குப் பதிலாக இரண்டு சாண் தூக்கினார். ஒரு ஓதத்துக்குப் பதிலாக மூன்று நாள் அப்படியே விட்டார். எவ்வளவு தூக்கினார், எத்தனை நாள் விட்டார் என்பது தண்ணீருக்கு அடியில் யாருக்கும் தெரியாது என்று நம்பினார். கழுவிக்கொண்டு போக ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கைப்பிடிச் சக்கரத்தைப் பிடித்தபோதே தெரிந்தது. ஆனால் 'மாசிலாமணி கை தாராளக் கை' என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள், அது காதில் இனிப்பாக விழுந்தது, சக்கரம் சுற்றியது.

ஒரு மாதம் கழித்து வயல் வெளுத்தது. மதகை ஒட்டிய சிங்காரவேலுவின் வயல்தான் முதலில் வெளுத்தது. சிங்காரவேலு அஞ்சம்மாளின் கணவர். அவர் வயலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு மண்கரை. ஊர்க்கூட்டத்தில் நாட்டாண்மை இராசகோபால் கேட்டார், "ஷட்டரு சரியாத்தானே இருந்துச்சு மாசிலாமணி?"

"சரியாத்தான் இருந்துச்சு," என்றார் மாசிலாமணி.

அப்படியென்றால் கரைதான். சிங்காரவேலு கரையைக் கவனிக்காமல் விட்டார், அந்த வழியாகக் கடல் வந்து ஊரைக் கெடுத்தது என்று முடிவானது. அடித்து விரட்டவில்லை, தண்ணீரை நிறுத்தவில்லை. பங்குனித் திருவிழாவில் அம்மன் வீதி வரும்போது ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், வீட்டுக்காரர் தேங்காய்த் தட்டைக் கொடுத்துத் திருநீறு வாங்குவார். சிங்காரவேலு வாசலில் மட்டும் அம்மன் இனி நிற்காது என்றார்கள், அவ்வளவுதான். சிங்காரவேலு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாததையே ஊர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. "நம்ம வாசல்ல எப்ப அம்மன் நிக்குதோ, அப்ப வர்றேன்," என்று மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு அவர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் ஆலையில் சேர்ந்தார். பணம் அனுப்பினார், போனில் பேசினார், வரவில்லை.

அஞ்சம்மாள் போகவில்லை. வெளுத்த வயலில் அந்த வருஷமே விதைத்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு ஏக்கரில் ஏழு தூர் கதிர் வைத்தது. அந்த ஏழையும் கையால் உருவி வைத்து மறுவருஷம் அதையே விதைத்தாள். அதில் பிழைத்ததை அதற்கு மறுவருஷம். ஆறாம் வருஷம் அவள் வயல் பச்சையாக நின்றது, ஊர் வயல் வெள்ளையாகக் கிடந்தது. அப்போது கரை விட்டவன் பெண்டாட்டியிடம் விதை கேட்டு ஊர் வந்தது. அவள் முறத்தில் அளந்து கொடுத்தாள். அந்த நெல்லிலிருந்து வரப்பு முருங்கைக்கும், வரப்பு முருங்கையிலிருந்து கொல்லை முருங்கைக்கும் உப்பின் படிப்பு தொற்றிக்கொண்டது என்று டீக்கடை பக்கிரிசாமி சொல்வார். அவர் சொன்னால் ஊரில் மறுப்பதில்லை, கடன் டீ அவரிடம்தான்.

முருங்கைக்குப் பிறகு வேம்பு, வேம்புக்குப் பிறகு பூவரசு, தென்னை, கோயில் வாசல் வில்வம். வாசல்களில் மூச்சு வேர்கள் விரல் தடிமனில் எழும்பி நின்றன. பெண்கள் அவற்றின் மேல் பாத்திரம் கவிழ்த்தார்கள், வடகத் துணி விரித்தார்கள். மிதித்தால் வேம்புக்கு இளைப்பு வருகிறது என்று தெரிந்தபின், மாப்பிள்ளை ஊர்வலம் வேர்களைச் சுற்றி வளைந்து வளைந்து போனது, அதற்கேற்ப நாயனக்காரர் ஒரு நீண்ட கீர்த்தனையைப் பழகி வைத்துக்கொண்டார். காலையில் இலைகளில் உப்புப் பூத்திருக்கும். தென்னந்துடைப்பத்தால் தட்டி முறத்தில் ஏந்தினால் ஒரு வாரக் குழம்புக்கு ஆகும். கடையில் உப்பு விற்பது நின்றது. உப்பிலை தின்ற ஆடுகளின் பாலில் பக்கிரிசாமி போட்ட டீ கரித்தது. ஒரு வருஷம் திட்டினார்கள், மறுவருஷம் வெளியூர் போனவர்கள் எல்லாம் அங்கே டீ சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டார்கள்.

நெல்லும் கதிரிலேயே குட்டி போடத் தொடங்கியது. பால் முற்றிய ஐந்து நாளுக்குள் அறுத்தால் அரிசி, ஆறாம் நாள் நாற்று. அதனால் அறுவடை கல்யாணத்தைவிட அவசரமான காரியமாகிவிட்டது. தரையில் சிந்த மணி இல்லாததால் எலி போயிற்று. எலி போனதால் பாம்பு போயிற்று. சிட்டுக்குருவி ஒரு மாசியில் மொத்தமாகக் கிளம்பிப் போயிற்று. வேர்களின் நடுவே தேங்கிய சேற்றுக்கு நண்டு வந்தது, துள்ளித் துள்ளி மரமேறும் உளுவை மீன் வந்தது, அவற்றைத் தேடிக் கொக்கும் நாரையும் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, சாணி தெளிக்கும் பெண்களுக்கு ஒதுங்கி நின்றன.

ஊர் வந்தவற்றைப் பார்த்தது. மாசிலாமணி போனவற்றைப் பார்த்தார். மாமரம் கற்கவில்லை. பலா கற்கவில்லை. மூங்கில் ஒரு கோடை முழுக்க முயன்று பார்த்து நின்றபடியே காய்ந்தது. அறுவடைக்குப் பின் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்தும் பயறும் மூன்று விதைப்புக்குப் பிறகு முளைக்கவே இல்லை. காலையில் நடக்கப் போகும்போது அவர் ஒவ்வொரு பட்ட மரத்தின் முன்னாலும் நின்று, பேரைச் சொல்லிவிட்டு நகர்வார். மாமரம், இராசகோபால் வீட்டுக் கிழக்கு. பலா, பள்ளிக்கூடத்துப் பின்னால். கடைசியில் மதகை ஒட்டிய வயலுக்கு வந்ததும், சிங்காரவேலு என்று சொல்வார். சொல்வது யாருக்கும் கேட்காது.

"யாருகிட்ட பேசிட்டு வர்றீங்க?" என்பாள் சௌந்தரம்.

"ஒண்ணுமில்ல."

அவளுக்கு ஷட்டர் விஷயம் தெரியும். முதல் கூடையைச் சுத்தம் செய்தவள் அவள். "சொல்லித் தொலைங்களேன்," என்று ஒரு முறை சொன்னாள். "வேலை போயிரும்டி," என்றார். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு முறை சொன்னாள். அப்போது அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வந்த உப்பைத் திருப்பி அனுப்பிவிட முடியும் என்று கொஞ்ச காலம் நம்பினார். ஓய்வு பெறும் வரைக்கும் ஷட்டரை இறுக்கியே வைத்திருந்தார், ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு போகவில்லை, வருஷத்துக்கு வருஷம் உயர்ந்த கடல் மதகைச் சுற்றிக்கொண்டு வந்தது. முருங்கை ஈன்ற நாலாம் வருஷம் பேய்மழை பெய்து, ஆறு நிரம்பி, நல்ல தண்ணீர் ஊரை மூழ்கடித்தபோது அவர் மழையில் நின்று கும்பிட்டார். பத்து நாள் நல்ல தண்ணீர் நின்றது. நெல் தலை சாய்ந்தது. வேம்பு இலை உதிர்த்தது. முருங்கைக் குட்டிகள் நாவறண்ட பிள்ளைகள் மாதிரி துவண்டன. ஊரே மதகுக்கு ஓடி, ஓதம் வரும் நேரம் பார்த்து, ஷட்டரை முழுக்கத் தூக்கிக் கடலை உள்ளே கூப்பிட்டது. உப்பு வந்ததும் மரங்கள் நிமிர்ந்தன. அன்றைக்கு மாசிலாமணிக்குப் புரிந்தது: அவர் செய்ததை இனி அவராலும் அழிக்க முடியாது. அழித்தால் மறுபடியும் ஊர் சாகும்.

அடுத்த பங்குனிக்கு முன்னால், கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் நடந்தது. பெண்கள் வழக்கமாக வெளித் தூணோடு நிற்பார்கள். அஞ்சம்மாள் உள்ளே வந்து நின்றாள்.

"உங்க வயல்ல நிக்கிற நெல்லு எங்கேருந்து வந்துச்சு?" என்று நாட்டாண்மையைக் கேட்டாள்.

"உன் வயல்லேருந்துதான். இல்லேன்னு யாரு சொன்னா?"

"அப்ப இந்த வருஷமாச்சும் அம்மன் எங்க வாசல்ல நிக்கட்டும். அவரு வரட்டும்."

"உன்னைக் குறை சொல்லலம்மா. வாசல் உம் புருஷன் வாசல். கரையை விட்டது அவன். அது ஆத்தாளுக்குத் தெரியாதா?"

"அவன் கரையை விடலேன்னா இந்த நெல்லு ஏது, அதையும் யோசிங்க," என்றார் பக்கிரிசாமி. நாலு பேர் சிரித்தார்கள்.

மாசிலாமணி எழுந்து நின்றார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கரை உடையல. ஷட்டரத் தூக்கினது நான். ரெண்டு சாண். மூணு நாளு. அன்னிக்கு இதே எடத்துல பொய் சொன்னேன்."

பிறகு பக்கிரிசாமி, பஸ்ஸில் இடம் கொடுக்கிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்கண்ணே. அது தெரிஞ்சதுதானே."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது? அன்னிக்கு வந்த கொடுவா எம்மாம் பெருசு! எங்க வீட்ல மூணு வேளை தின்னோம். ஷட்டரு தூக்காம கொடுவா என்ன, டவுன் பஸ்ஸு புடிச்சா வந்துச்சு?"

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். நாட்டாண்மை மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு உன்னைச் சொன்னா உன் வேலை போவும், புது ஆளு வருவான், மீனும் போவும். தின்னவன் எல்லாரும் சாட்சிக்குப் போயி நிக்கணும். கரைன்னு சொன்னா ஒரு ஆளோட முடிஞ்சுது," என்றார், பாதை எது கிட்டே என்று சொல்கிற குரலில்.

பன்னிரண்டு வருஷம் ஊருக்குத் தெரியாமல் மறைத்ததாக நினைத்திருந்தார் மாசிலாமணி. ஊர் அவரோடு சேர்ந்து மறைத்திருந்தது. முருங்கை குட்டி போட்டதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே இதையும் என்றைக்கோ எடுத்துக்கொண்டு, அதன்மேல் பாத்திரம் கவிழ்த்து, துணி உலர்த்தி வாழ்ந்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் தெரியாத ஒரே ஆள் யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி குடுத்தனுப்பின மீனு," என்றாள் அஞ்சம்மாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "நாந்தான் குழம்பு வச்சேன். அவருக்குத் தலையை எடுத்து வச்சேன்."

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே சிங்காரவேலுவின் குரல் வந்தது. "என்ன அஞ்சு, இந்நேரத்துல? ஷிப்டுல இருக்கேன்." அவள் போனை மாசிலாமணியின் கையில் வைத்தாள்.

"மச்சான், நான் மாசிலாமணி பேசுறேன்."

"சொல்லு மச்சான். நல்லா இருக்கியா? தங்கச்சி எப்டி இருக்கு?"

அந்த விசாரிப்பைக் கேட்டதும் மாசிலாமணி போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். சொன்னார். மண்டபத்தில் சொன்னதையே, இன்னும் குறைந்த வார்த்தையில் சொன்னார்.

"மச்சான்," என்றார் சிங்காரவேலு. "வடக்கு மூலைல ஒரு நண்டு வளை இருந்துச்சு. காலைல பார்த்தேன். சாப்ட்டு வந்து அடைப்போம்னு போனேன், அசந்து தூங்கிட்டேன். அதுலதான் தண்ணி வந்துச்சு."

"அதுல வரல மச்சான்."

"ஊரு சொன்னதுக்காக நான் வாயை மூடிட்டு வரல. நானேதான்னு நினைச்சேன். அதான் வந்தேன்."

"உன் கரை நின்னுச்சு மச்சான். இப்பவும் நிக்குது."

"நெசமாவா?"

"நெசமா."

யாரோ அங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இன்னிக்கும் கனவுல எந்திரிச்சுப் போயி அந்த வளையைத்தான் அடைப்பேன் மச்சான்," என்றார் சிங்காரவேலு. "பன்னெண்டு வருஷம்." பிறகு, "சூப்பர்வைசரு பாக்குறாரு, வச்சுடுறேன்," என்று வைத்துவிட்டார்.

அந்தக் கூட்டத்திலேயே, இந்த வருஷம் அம்மன் சிங்காரவேலு வாசலில் நிற்கும் என்று முடிவானது. எதிர்ப்பு இல்லை. எல்லாருக்கும் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் அஞ்சம்மாள் ஒரு பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சௌந்தரம் வேலியைத் தாண்டி ஓடினாள். "திருவிழாவுக்கு எட்டு நாளுதான் இருக்கு. இப்ப போறியே?"

"நான் போறேன் அண்ணி. அவரு அங்க தனியா இருக்காரு."

"அவரு வருவாருன்னுதானேடி அத்தனை வருஷம் கேட்ட?"

அஞ்சம்மாள் மாசிலாமணி நின்ற பக்கம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "தெரியாம பேசுறாங்கன்னு நினைச்சுத்தான் வரச் சொன்னேண்ணே. தெரிஞ்சே பேசியிருக்காங்க. இப்ப அவரு யாரைப் பாக்க வரணும்?"

சௌந்தரம் கொல்லைக்குப் போய் ஒரு முருங்கைக் குட்டியை மண்ணோடு பெயர்த்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அஞ்சம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அங்க நல்ல தண்ணியாம் அண்ணி. இது பிழைக்காது." கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பங்குனித் திருவிழா அன்று வெயில் தாழ்ந்தபோது அம்மன் கீழத்தெருவுக்குள் வந்தது. எட்டுப் பேர் தோளில் பல்லக்குத் தண்டு. மேளம் முன்னால், மூச்சு வேர்களைச் சுற்றி வளைந்து வந்தது. இந்த எட்டு நாளில் முருங்கை ஓயாமல் ஈன்று, கொல்லையும் வாசலும் நிரம்பி, பூட்டிய கதவின் பாதியை மறைத்துக்கொண்டு குட்டிகள் நின்றன. அம்மன் அந்த வாசலுக்கு நேரே வந்து நின்றது. மேளம் ஓய்ந்தது. பூசாரி தீபாராதனையை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரர் பேரை உரக்கச் சொன்னார். "சிங்காரவேலு!"

கதவு பூட்டியிருந்தது. பூசாரி மறுபடியும் சொன்னார்.

"மாசிலாமணி, நீ போய் தட்டைக் குடுய்யா," என்றார் நாட்டாண்மை மெதுவாக. "யாராச்சும் வாங்கணும்ல."

மாசிலாமணி இரண்டடி எடுத்து வைத்தார். குட்டிகள் கால் வைக்க இடம் விடவில்லை. அவர் கை இரண்டும் காலியாக இருந்தன. அந்த வாசலில் எதைக் கொடுக்க, எதை வாங்கத் தனக்குப் பாத்தியதை இருக்கிறது என்று தெரியாமல், எல்லாரும் பார்க்க அங்கேயே நின்றார். கற்பூரம் எரிந்து அடங்கியது. தூக்கியவர்களின் தோள் வலித்தது, ஒருவன் தண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். கழிமுகத்திலிருந்து ஓதம் தெருவுக்கு ஏறி அவர்கள் கணுக்காலைத் தொட்டது. அம்மன் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வாசலுக்குத் தூக்கு என்று சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.